பசுவில் பங்கும் பாலில் உரிமையும்

சைவ மக்களின் வாழ்வில் பால் இல்லாத மங்கல நிகழ்வு இல்லை. புதுமனை புகும்போது முதலில் அடுப்பேற்றப்படுவது பால். தைப்பொங்கலன்று பானையில் முதலில் பொங்கி வழிவதும் பால். கோயிலிலே எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்குச் செய்யும் அபிஷேகத்தில் பாலுக்குத் தனியிடம் உண்டு. ஊரில் இந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. கொட்டிலில் நின்ற பசுவையும் அதைக் கறந்த கையையும் எல்லாரும் அறிவர்.

கனடாவுக்கு வந்தபின் பால் கடையிலிருந்து நான்கு லீற்றர் பையில் வருகின்றது. எந்தப் பசுவின் பால், எந்தப் பண்ணையின் பால் என்று தெரியாது. காய்ச்சினால் ஆடை கட்டுவதும் இல்லை. ஆகவே, “கடைப் பால் உயிரற்ற பால், கறந்த பாலே நல்லது, ஊரில் அதைத்தானே குடித்தோம்” என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களிலும் எழுகின்றது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இப்பேச்சு அதிகம். பண்ணைக்குச் சென்று கறந்த பால் வாங்கலாமா, பலர் சேர்ந்து ஒரு பசுவை வாங்கிப் பாலைப் பங்கிட்டுக் கொள்ளலாமா என்று கேட்போரும் உளர்.

பசுவைப் பங்காக வாங்கும் ஏற்பாடு ஒன்ராறியோ மாகாணத்தில் இருபது ஆண்டு காலம் நீதிமன்றங்களில் பேசப்பட்ட விடயம். அதற்கு முன்னே நூறாண்டுப் பால் வரலாறு ஒன்றும் உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் இக்கேள்விக்கு விடை காண முடியாது.

நகரமும் பாலும்

பசு அருகில் இருக்கும்வரை பால் பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகரங்கள் பெருத்தன. இலட்சக்கணக்கானோர் பசு இல்லாத தெருக்களில் குடியேறினர். பால் பல மைல் தூரத்திலிருந்து, பனிக்கட்டி இல்லாமல், பல கைகள் மாறி வந்தது. சில நகரங்களில் சாராய வடிசாலைகளின் கழிவைத் தின்று, வெளிச்சமே காணாத கொட்டில்களில் நின்ற மாடுகளின் பால் விற்கப்பட்டது. 1858இல் நியூயோர்க்கில் ஒரு படப் பத்திரிகை இக்கொடுமையை அம்பலப்படுத்தியபோது ஊரே கொதித்தது.

பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்ரர் 1860களில் திராட்சை மது புளித்துக் கெடுவதைத் தடுக்க, அதை மிதமாகச் சூடாக்கும் முறையைக் கண்டார். அவர் எண்ணியது மதுவைப் பற்றியே. பாலைப் பற்றி அன்று. அம்முறையைக் குழந்தைகளுக்கான பாலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1886இல் கூறியவர் ஜெர்மனியைச் சேர்ந்த சொக்ஸ்லெற் என்னும் வேதியியலாளர். பாஸ்ரரின் பெயரால் இது பாச்சராக்கம் எனப்படுகின்றது. பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைத்திருத்தல் பழைய முறை. 72 பாகையில் சுமார் 15 விநாடி வைத்து உடனே குளிர வைத்தல் இன்றைய முறை.

1882இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமி மனிதருக்கு வரும் கிருமியிலிருந்து வேறுபட்டது என்பதை 1898இல் அமெரிக்கரான தியோபோல்ட் ஸ்மித் காட்டினார். இங்கே ஒரு பெரியவரின் தவறும் வரலாற்றில் இடம்பெற்றது. மாட்டின் காசநோய் மனிதருக்குப் பெரும் ஆபத்தன்று என 1901இல் இலண்டன் மாநாட்டில் கொக் கூறினார். அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பினால் பல நாடுகளில் பால் பற்றிய சட்டங்கள் தாமதமாயின. பிரித்தானிய அரசு நியமித்த ஆணைக்குழு பத்தாண்டு ஆராய்ந்து, 1911இல், மாட்டின் நோய் பால் வழியாகக் குழந்தைகளுக்கு வருகின்றது என முடிவு கூறிற்று. கழுத்துக் கட்டிகள் வீங்கிச் சீழ் வடியும் கண்டமாலையும், முதுகெலும்பு உருகிக் கூனாகும் நோயும் பல குழந்தைகளுக்குப் பாலினால் வந்தவை என்பது அப்போது உறுதியாயிற்று.

ரொறன்ரோவில் நடந்தது

ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பத்திரிகை அதிபர் ஜோன் றொஸ் றொபேட்சன். மாகாணச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வைத்தியசாலையில் பாச்சராக்கும் நிலையம் ஒன்றை அவர் அமைத்தார். 1910 முதல் 1929 வரை நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தவர் சாள்ஸ் ஹேஸ்ரிங்ஸ். அசுத்தமான பாலால் வந்த நெருப்புக் காய்ச்சலுக்குத் தம் மகளைப் பறிகொடுத்த தந்தை அவர். அவருடைய விடாமுயற்சியால் 1910களின் நடுவிலேயே ரொறன்ரோ நகரில் விற்கப்படும் பால் பாச்சராக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

நகருக்கு வெளியே நிலைமை வேறு. கிராமங்களிலும் சிறு பட்டினங்களிலும் கறந்த பாலே ஓடியது. சிறுவர் வைத்தியசாலைக்கு மாட்டுக் காசநோயோடு வந்த குழந்தைகள் அப்பகுதிகளிலிருந்தே வந்தனர் என்பதை அங்குள்ள வைத்தியர்கள் 1930களில் எடுத்துக்காட்டினர். 1927இல் மொன்றியலில் பரவிய நெருப்புக் காய்ச்சலில் 5,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு பால் நிறுவனத்தின் விநியோகத்தோடு அந்நோய் தொடர்புபட்டிருந்தது. பெயரளவுக்குப் பாச்சராக்கினால் போதாது, அதை ஒழுங்காகச் செய்யவும் கண்காணிக்கவும் வேண்டும் என்ற பாடத்தையும் அந்நிகழ்ச்சி தந்தது.

1938இல் முதலமைச்சர் மிச்சல் ஹெப்பேர்ண் காலத்தில், கனடாவின் மாகாணங்களுள் முதலாவதாக ஒன்ராறியோ பாச்சராக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஹெப்பேர்ண் தாமும் ஒரு விவசாயி. விவசாயிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. செலவு கூடும், பாலின் சத்துப் போய்விடும், தலைமுறை தலைமுறையாகக் குடித்த பாலுக்கு அரசு தடை போடுவதா என்றனர். இன்று கேட்கும் வாதங்கள் யாவும் அன்றே கேட்டவைதான். சட்டம் முதலில் நகரங்களிலும் பட்டினங்களிலும் நடைமுறைக்கு வந்து, பின்னர் விரிந்தது. மத்திய அரசு 1991இல் நாடு முழுவதற்கும் கறந்த பால் விற்பனையைத் தடை செய்தது.

இச்சட்டங்களில் ஒரு வாசல் திறந்திருந்தது. தடுக்கப்பட்டவை விற்றலும், விநியோகித்தலும், கொண்டு சென்று கொடுத்தலும். சொந்தப் பசுவின் பாலைத் தன் வீட்டில் குடிக்கும் விவசாயியைச் சட்டம் தொடவில்லை. அப்படியாயின், நகரத்தில் இருப்பவனும் அப்பசுவுக்குச் சொந்தக்காரன் ஆனால் என்ன? பங்குப் பசு என்னும் ஏற்பாடு இக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

பங்குப் பசு வழக்கு

மைக்கல் ஷ்மிட் என்னும் விவசாயி 1983இல் ஜெர்மனியிலிருந்து வந்து, ஒன்ராறியோவின் டேர்ஹம் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் பண்ணை அமைத்தார். இலங்கைத் தமிழர் பெருந்தொகையில் நாட்டை விட்டுப் புறப்படத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இரசாயன உரமின்றி மண்ணையும் மாட்டையும் பேணுவது அவருடைய கொள்கை. கறந்த பாலை விற்றதற்காக 1994இல் அவர்மீது வழக்கு வந்தது. 3,500 டொலர் தண்டமும் இரண்டாண்டு நன்னடத்தைக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. நிலத்தின் பெரும்பகுதியை அவர் விற்க நேர்ந்தது.

பின்னர் அவர் பால் விற்பதை விட்டுப் பசுவில் பங்கு கொடுக்கத் தொடங்கினார். ஒரு குடும்பம் ஒரு தொகையைக் கட்டி ஒரு பசுவில் கால் பங்கோ வேறு பங்கோ வாங்கும். பசு பண்ணையிலேயே நிற்கும். தீனிக்கும் பராமரிப்புக்கும் கறவைக்கும் குடும்பம் தொடர்ந்து கட்டணம் செலுத்தும். அதற்கு ஈடாகக் கிழமைதோறும் பால் பெறும். நூற்றைம்பது அளவிலான குடும்பங்கள் இதில் சேர்ந்தன. ரொறன்ரோவின் புகழ் பெற்ற சமையற்கலைஞர்கள் சிலரும் ஆதரவளித்தனர். பழைய நீல நிற பஸ் ஒன்றில் பால் நகருக்கு வந்தது. சேர்ந்தவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். பசுவைப் பார்த்து, விவசாயியோடு பேசி, தாம் செய்வது இன்னதென்று அறிந்தே சேர்ந்தனர்.

2006 நவம்பரில் அரசு அதிகாரிகள் பண்ணையைச் சோதனையிட்டுக் கருவிகளைக் கைப்பற்றினர். வழக்கு நியூமார்க்கெற் நகரில் நடந்தது. ஷ்மிட் வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடினார். 2010 ஜனவரி 21ஆம் நாள் சமாதான நீதவான் போல் கவார்ஸ்கி, 19 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தார். பங்குதாரர் விவரமறிந்து ஒப்புக்கொண்டவர்கள். இது பொதுச் சந்தை விற்பனையன்று. இவ்வாறான ஏற்பாட்டைச் சட்டம் கருதவில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். கறந்த பாலை விரும்பியோர் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினர்.

வெற்றி நீடிக்கவில்லை. அரசு மேன்முறையீடு செய்தது. 2011 செப்ரெம்பரில் நீதிபதி பீற்றர் ரெற்லி 13 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளியாகக் கண்டார். மக்கள் நலனுக்கான சட்டத்தைக் குறுக்கிப் பொருள் கொள்ளலாகாது என்றார். ஷ்மிட் உண்ணாநோன்பு தொடங்கி, 37 நாட்கள் இருந்து, முதலமைச்சர் டோல்ற்றன் மக்கின்ரியைச் சந்தித்த பின் முடித்தார். தண்டம் 9,150 டொலர்.

2014 மார்ச்சில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இறுதி விடை கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி றொபேட் ஷார்ப். பங்கு வாங்கியவருக்குக் குறித்த ஒரு பசுவின்மீதோ மந்தையின்மீதோ உண்மையான உடைமை இல்லை. பசுவை வாங்குவதும் விற்பதும் பராமரிப்பதும் பண்ணைக்காரர் கையில் இருந்தன. பங்குதாரர் பெற்றது பால் பெறும் உரிமை ஒன்றே. உறுப்பினர் அட்டை உள்ளவர்க்கு மட்டும் பொருள் விற்கும் பெரிய கடைகளைப் போன்றதே இது என்று நீதிமன்றம் கருதியது. விரும்பிய உணவை உண்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படைச் சுதந்திரம் என்ற வாதமும் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில், மேலும் விசாரிக்கக் கனடா உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2018இல் பண்ணையின் பால் விநியோகத்துக்கு எதிராக நிரந்தரத் தடையுத்தரவும் பிறந்தது.

அமெரிக்காவில் வழி வேறாகச் சென்றது. கொலறாடோ மாநிலம் 2005இலும் ரெனசி மாநிலம் 2009இலும் பங்குப் பசுவைச் சட்டப்படி அனுமதித்தன. எனவே, சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பால் மாறுமா என்பதே அடுத்த கேள்வி.

கிருமி உரிமை பாராது

பங்குப் பசுவை ஆதரித்தோர் ஒன்றை உண்மையாகவே சொன்னார்கள். மாட்டுக் காசநோய் இங்கு மிக அரிதாகிவிட்டது, மந்தைகள் சோதிக்கப்படுகின்றன, குளிரூட்டி உண்டு, ஆகவே 1938இன் அச்சம் இன்று தேவையில்லை என்றனர். ஆனால் பழைய கிருமி விலகிய இடத்தில் வேறொன்று வெளிப்பட்டது.

ஈ. கோலை என்னும் குடற்கிருமியின் ஓ157 என்ற கொடிய வகை மனிதரில் நோய் உண்டாக்குவது 1982இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே, ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் வைத்தியர் முகமது கர்மாலியும் அவரோடு ஆராய்ந்தோரும், இவ்வகைக் கிருமிகள் உண்டாக்கும் நச்சுக்கும் குழந்தைகளின் சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யும் ஒரு நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். முதலில் வயிற்றோட்டம், பின்னர் இரத்தம், ஒரு கிழமைக்குள் குழந்தை வெளிறிச் சிறுநீர் குறைந்து போதல் என்பன அந்நோயின் போக்கு. பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குச் சிறுநீரகப் பழுது வாழ்நாள் முழுவதும் தொடரும்.

இக்கிருமியைச் சுமக்கும் பசு நோயாளி அன்று. அது நன்றாக மேயும், நன்றாகக் கறக்கும். கிருமி அதன் குடலில் இருந்து சாணத்தோடு வெளிவரும். மடியை எத்தனை முறை கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பாலில் விழுந்தால் போதும். 1986இல் ஒன்ராறியோவில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் பண்ணை பார்க்கச் சென்று, அங்கே கறந்த பால் குடித்துப் பலர் நோயுற்றனர். சிலருக்குச் சிறுநீரகமும் தாக்குண்டது. பண்ணையிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய பால், நகரப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. பங்குப் பசு சட்டபூர்வமான ரெனசியிலும், 2018இல் அத்தகைய ஒரு பண்ணையின் கறந்த பாலோடு தொடர்பான ஈ. கோலை நோயால் பல சிறு குழந்தைகள் வைத்தியசாலை சேர்ந்தனர். அவர்களுடைய பெற்றோர் பசுவின் சட்டபூர்வமான பங்காளிகள். அந்தப் பத்திரம் பிள்ளைகளைக் காக்கவில்லை.

இதைத் தவிர, கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய லிஸ்ரீரியா, சல்மனெல்லா, கம்பைலோபக்ரர், புரூசெல்லா ஆகியனவும் கறந்த பாலில் வரக்கூடும். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற பசுக்களின் பாலில் அவ்வைரசு நிறைந்திருந்தது. பாச்சராக்கம் அதையும் செயலிழக்கச் செய்கின்றது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பண்ணைப் பால் குடிக்கும் பிள்ளைகளிடம் தொய்வு நோய் குறைவாகக் காணப்படுவதாக ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011இல் கூறியது. ஆனால் அதை நடத்தியவர்களே, நோய்க்கிருமி வரக்கூடும் என்பதால், கறந்த பாலைக் குடிக்கும்படி பரிந்துரைக்கவில்லை. பாச்சராக்கத்தால் சில உயிர்ச்சத்துகள் சிறிதளவு குறைகின்றன. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்க்குத் தொல்லை தரும் பாற்சர்க்கரை கறந்த பாலிலும் அதே அளவில் உண்டு. கடைப் பாலில் ஆடை கட்டாமைக்குக் காரணம் பாச்சராக்கம் அன்று. கொழுப்புத் துளிகளை நொறுக்கிப் பால் முழுவதும் பரப்பும் வேறொரு முறையே.

ஊரில் நடந்தது என்ன?

இனி, “ஊரில் அதைத்தானே குடித்தோம்” என்ற வாதத்தை எடுத்துக் கொள்ளலாம். பசுவைப் பங்காக வைத்திருத்தல் தமிழருக்குப் புதிதன்று. கன்றை ஒருவர் வாங்கிக் கொடுக்க, மற்றவர் வளர்த்து, ஈனும் கன்றுகளையும் பயனையும் பகிர்ந்து கொள்ளும் வார முறை கிராமங்களில் இருந்தது. ஷ்மிட்டின் பங்குதாரர் தேடிய உறவு, அதாவது பசுவையும் வளர்ப்பவரையும் முகம் அறிந்து பால் பெறுதல், தவறான ஆசை அன்று. பெரிய ஆலைகளும் பைகளும் அந்த உறவை அறுத்துவிட்டன என்பதும் மெய்.

ஆனால் கறந்த பாலை அப்படியே குடித்தல் பெரும்பாலான தமிழ் வீடுகளின் வழக்கம் அன்று. செம்பில் வந்த பாலை அம்மம்மா முதலில் வடித்தார். பின் அடுப்பில் ஏற்றிப் பொங்கி எழும்வரை காய்ச்சினார். கோடை வெயிலில் காலைப் பால் மாலைவரை கெடாதிருக்க மீண்டும் காய்ச்சினார். காய்ச்சிய பாலைத்தான் ஆற்றி உறை ஊற்றினார். பிள்ளைக்குக் கொடுத்ததும் காய்ச்சி ஆற்றிய பாலே. பாஸ்ரர் பெயரையோ கிருமியையோ அறியாத அந்தக் கைகள் பாச்சராக்கத்தை விடக் கூடிய வெப்பத்தை நாள்தோறும் பாலுக்குக் கொடுத்தன. ஆகவே, காய்ச்சாத பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பவர் மரபைப் பேணுகிறார் என்பது பொருந்தாது. மரபின் பாதியை எடுத்துப் பிள்ளையைக் காத்த மற்றப் பாதியை விட்டுவிடுகிறார்.

காய்ச்சாத பால் வழங்கும் இடம் ஒன்று உண்டு. அது அபிஷேகம். மூர்த்திக்குச் சொரிவது பச்சைப் பால் என்பதே ஊர் வழக்கம். இங்குள்ள கோயில்களில் கடைப் பாலே சொரியப்படுகின்றது. அது தூய்மை குறைந்ததோ என்று மனம் வருந்துவோர் உண்டு. பசு தந்ததை அன்போடு சமர்ப்பிப்பதே பூசை. அதில் நோய் தங்காதபடி செய்திருப்பது குறையாகாது. அபிஷேகப் பால் தீர்த்தமாகக் கைக்குழந்தையின் வாயிலும், கருவுற்ற பெண்ணின் கையிலும், முதியவரின் கையிலும் விழுகின்றது என்பதை நினைத்தால் பாச்சராக்கிய பாலே அங்கு ஏற்றது என்பது விளங்கும்.

பசுவின் முகமறிந்து பால் பெற விரும்புவோர்க்கு வழி அடைபட்டுவிடவில்லை. தம் மந்தையின் பாலைத் தம் பண்ணையிலேயே பாச்சராக்கி, ஆடை கட்டும் பாலாகவே போத்தலில் அடைத்து விற்கும் சிறு பண்ணைகள் ஒன்ராறியோவில் உண்டு. பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று பசுவையும் கன்றையும் காட்டலாம். பசுவைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவித்துவிட்டு, அப்பாலை வாங்கி வரலாம்.

1938இல் சட்டம் இயற்றியவர்கள் பாலை வெறுத்தவர்கள் அல்லர். கண்டமாலையோடும் கூனோடும் கட்டிலில் கிடந்த குழந்தைகளைக் கண்டவர்கள். பங்குப் பசுவுக்காக வாதாடியவர்களும் தீயவர்கள் அல்லர். நல்ல உணவைத் தேடியவர்கள். பசு யாருக்குச் சொந்தம் என்பதற்கு நீதிமன்றம் விடை கூறிவிட்டது. பிள்ளைக்குக் கொடுக்கும் பால் காய்ந்ததா என்பதற்கு விடை, ஊரிலும் சரி இங்கும் சரி, வீட்டு அடுப்படியிலேயே உண்டு.